கருவி கண்டுபிடித்ததாம்

மாப்ள,

இன்று காலை கணினியைத் திறந்ததும் அந்த ஆஸ்பத்திரி இணையதளத்தின் பாதுகாப்புச் சோதனை அறிக்கை கண்ணில் பட்டது. முதல் வரியே சிவப்பில் இருந்தது. நோயாளிகள் கருத்து எழுதும் பெட்டியில் ஓட்டை. யாராவது அதில் நிரல் எழுதி அனுப்பினால், அதைப் படிக்கத் திறக்கும் ஊழியரின் திரையில் தானாக ஓடும். நீ சொன்ன அதே பெட்டி. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

அன்று பேகம்பூர் மாடியில் நாம் இருவர் மட்டும் நடத்திய அலுவலகத்தில், இணையதளங்களில் ஓட்டை தேடும் நம் பழைய கருவி அதே தளத்தைச் சுற்றிவந்து குறை இல்லை என்று பச்சை காட்டியது. அறிக்கையை அனுப்பிவிடலாம் என்றேன்.

"செத்த நேரம் பொறு மாப்ள. இது வாசல் வரைக்குந்தான் போயிருக்கு. உள்ள போக அதுக்கு ஏது பாஸ்வேர்டு? எனக்கு இருக்குல்ல?" என்றாய்.

இருந்தது. டயாலிசிஸுக்கு நீ அங்கேதான் போய்ப் படுத்துக்கொண்டிருந்தாய். உன் கணக்கில் நுழைந்து அந்தப் பெட்டியில் ஒற்றை வரி நிரல் எழுதினாய். திறப்பவர் திரையில் 'இங்கே ஓட்டை இருக்கிறது' என்று காட்டும், அவ்வளவுதான். மறுநாள் இருவரும் ஆஸ்பத்திரி மேலாளரிடம் நேரில் போய்ச் சொன்னோம். இந்த ஓட்டை வழியாக எல்லா நோயாளிகளின் ரிப்போர்ட்டும் வெளியே போய்விடும் என்று நீ பதறினாய்.

"மிஷினை ஓட்டத்தானய்யா சொன்னோம்? உள்ள பூந்து கை வைக்கச் சொன்னமா?" என்றார் மேலாளர். புகாரும் கொடுத்தார்.

ஊசி குத்திய கையில் கட்டோடு பகல் முழுக்க ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். வழக்குப் போடவில்லை. "இனிமே செய்ய மாட்டேன்னு எழுதிக் குடுக்கணுமாம். எதைச் செய்ய மாட்டேன்னு மாப்ள எழுத?" என்று கேட்டாய். கடைசியில் எழுதிக் கொடுத்தாய்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் உன்னை டயாலிசிஸுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். மதுரைக்குப் பஸ்ஸில் போய்வந்தாய். முடியாத நாட்களில் போகாமல் இருந்தாய். மழைக்காலத்தில் ஒருநாள் மூச்சு முட்டி, மதுரை போய்ச் சேருமுன் வழியிலேயே முடிந்துவிட்டது.

நம் அலுவலகத்தை மூடிவிட்டு நான் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். அங்கேயும் அந்த ஆஸ்பத்திரி வாடிக்கையாளராக வந்து நின்றது. இன்று போன் செய்து சொன்னபோது அதே மேலாளர் பூரித்துப் போனார். "புது டூல் பிரமாதம் சார். உள்ள லாகின் பண்ணிக் கண்டுபிடிச்சிருக்கு பாருங்க!"

"இதை அன்னைக்கே என் நண்பன் சொன்னான் சார்."

"பழசெல்லாம் இப்ப எதுக்கு சார்?"

சாயங்காலம் உன் அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பாதி புரிந்து, பாதி புரியாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப எம்புள்ள சொன்னது நெசந்தானப்பா? அவுகளை வந்து ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. தெருவுல இன்னமும் கம்ப்யூட்டர்ல திருடுனவன்னுதான் பேசுறாக."

சொல்கிறேன் என்றேன். யாரும் வரமாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும்.

கருவி பச்சை காட்டினாலும், உன்னைப்போல நானும் உள்ளே நுழைந்து கையால் ஒரு வரி எழுதிப் பார்க்கிறேன். சில நேரம் ஓட்டை அகப்படுகிறது. கண்டுபிடித்த சந்தோஷம் வருவதில்லை மாப்ள. இதை யாரிடம் போய்ச் சொல்வது என்று பயம்தான் வருகிறது.