யோஹானஸின் பெயர் இல்லாத கட்டுரை

என் பிரிய குமரண்ணா,

உன்மேல் எனக்குக் கோபம். ஊருக்குப் பேசினால், செத்துப்போனவனோடு சண்டை போடாதே என்கிறாள் அம்மா, போன் கார்டு தீரும்வரை. வேறு யாரோடு போடுவேன்?

ஜெர்மனிக்கு வந்து நீ படித்த எர்லாங்கனில் உன் அறையைக் காலி செய்தபோது டிராயரில் மலேரியா மாத்திரை அட்டை கிடைத்தது. நாலுதான் குறைந்திருந்தது. உன் ஆராய்ச்சிக்குத் துணையாக நானும் வந்த அந்த இந்தோனேசியத் தீவில் தினமும் என்னை விழுங்க வைத்துவிட்டு நீ ஏன் நிறுத்தினாய்? வயிற்றைப் புரட்டுகிறது என்றா? திரும்பி வந்து காய்ச்சல் அடித்தபோது, "சாதா ஜுரம்தான், மிளகு ரசம் குடிச்சா சரியாயிடும்" என்றாய். நானும் நம்பி மியூனிக்கில் ஆபீஸ் போய்க்கொண்டிருந்தேன். நாலாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

அதைவிடப் பெரிய கோபம் உன் பேராசிரியர் மேல். எரிமலைச் சரிவில் நீ இரண்டு வருஷம் தேடிய ஆந்தைக் கூட்டைக் காட்டியவர் யோஹானஸ். காபித் தோட்டக்காரர். கூவுவதைக் கேட்டே ஆணா பெண்ணா என்று சொல்வார். ஆந்தையைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரையில் உன் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயரும் வரும் என்று அவர் வீட்டுப் பாயில் உட்கார்ந்து வாக்குக் கொடுத்தாய். நான் சாட்சி.

இப்போது அந்தக் கட்டுரையை முடிக்கப் பேராசிரியர் உன் நோட்டுகளைக் கேட்கிறார். யோஹானஸ் பெயர் எங்கே என்றேன். அவர் ஆராய்ச்சியாளர் இல்லையே, கடைசியில் உள்ளூர் வழிகாட்டிக்கு நன்றி என்று ஒரு வரி போடலாம் என்றார், சிரித்துக்கொண்டே. வழிகாட்டிக்குப் பெயர் கிடையாதா?

அந்த ஊர் வழக்கம் ஞாபகம் இருக்கிறதா? மலை ஏறும்முன் அடிவாரக் கல்லில் நின்று, போகிற ஒவ்வொருவர் பெயரையும் மலைக்குச் சொல்ல வேண்டும். இறங்கியதும் அதே கல்லில் நின்று, ஒருவர் விடாமல் பெயர் சொல்லித் திரும்பக் கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் அவர் உயிர் மலையிலேயே தங்கிவிடுமாம். உன் பெயரைச் சரியாகச் சொல்ல யோஹானஸ் எவ்வளவு பழகினார். கடைசி நாள் பஸ் போய்விடும் என்று நீ அவசரப்படுத்தினாய். அவர் கல்லருகே நின்று கையசைத்து நம்மை அழைத்தார். நாம் நிற்காமல் பஸ்ஸுக்கு ஓடினோம்.

எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. உன்னைக் கொன்றது கொசு. ஆனாலும் மனசு அரிக்கிறது.

நேற்று பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன்: "அவர் பெயர் இல்லாமல் என் அண்ணனின் நோட்டு வராது." அவர் சிரிக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தார். யோசிக்கட்டும், நோட்டு என் பீரோவில் இருக்கிறது.

பெயர் அச்சானதும் லீவு போட்டு, அந்தப் பக்கத்தை நானே யோஹானஸ் கையில் கொடுப்பேன். பிறகு அந்தக் கல்லில் நின்று, விட்டுப்போன உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். இந்தத் தடவையாவது ஓடாமல் நில்.

உன்னோடு சண்டை தீராத தங்கை,
வசந்தி