அப்பாவைப் பாக்க வந்த கூட்டம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்லாருக்கேன். நீ நேரத்துக்குச் சாப்பிடுறியா? சக்கரை மாத்திரையை நிறுத்திடாத.

வெளியூர்ல இருக்கிறவங்களும் அப்பாவைக் கடைசியா பாக்கட்டும்னு லைவ் வச்சோமே, அதுக்கு வெப்சைட் போட்டுக் கொடுத்தது நான் டீ போடுற ஆபீஸ்ல இருக்கிற கம்ப்யூட்டர் தம்பிதான். டீக்குச் சக்கரை வேணாம்பான், பிஸ்கட்டை மட்டும் முக்கி முக்கித் திம்பான். அது கிடக்கட்டும். "அண்ணே, ஒரே நேரத்துல எத்தனை பேர் பாப்பாங்க? அதுக்குத் தகுந்த சர்வர் எடுக்கணும்"னு கேட்டான்.

எனக்குத் தெரிஞ்சது துக்க வீட்டுக் கணக்குதானே. "பஸ் ஓட்டின மனுசன், ஊரே வரும் தம்பி. ஆனா நாலு பேர் வந்தா நாலு பேர் எந்திரிச்சுப் போயிடுவாங்க. ஒரு நேரத்துக்கு அம்பது பேர்தான்"னேன். சின்னதாவே எடுத்தான்.

போன்ல பாக்க வந்தவங்க ஒருத்தரும் எந்திரிக்கலம்மா. அப்பா பஸ்ல ஏறிப் பிழைக்கப் போன அத்தனை பேரும் கடைசி வரைக்கும் உக்காந்துட்டாங்க. சர்வர் திணறிப் போச்சு. "பெரிய மனுசன்ணே உங்கப்பா"ன்னான் தம்பி. பெருமையாத்தான் இருந்துச்சு.

லீவுதான் கிடைக்கல, இதுலயாவது பாப்போம்னு நான் திறந்தா எனக்கு இடமில்ல. வட்டம் சுத்திக்கிட்டே இருந்துச்சு. படம் வந்தப்போ அப்பாவை எடுத்துட்டாங்க, வாசல்ல வெறும் பெஞ்சுதான் கிடந்துச்சு. பதிவும் ஆகலையாம்.

தங்கச்சிகிட்ட இதைச் சொல்லாத, அழுவா. மேனேஜர் கூப்பிடுறார், போகணும். அப்பாவுக்கு மீசையைச் சீவி விட்டாங்களா, அதை மட்டும் எழுதும்மா.

உன் மூத்தவன்