எட்டு டீம் போதுமாம்

1988 ஆகஸ்ட் 28, ஞாயிறு. மழை.

நாட்டு மக்களுக்கு ஒரு துயரச் செய்தி. தாராவியின் தலைசிறந்த மிமிக்ரி கலைஞனாகிய அடியேனின் இடது கால் சாக்ஸ் இன்று காலமானது. பெருவிரல் வெளியே வந்து இறுதி மரியாதை செலுத்தியது.

அடுத்த செய்திக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் மழைக்கால ஃபுட்பால் லீக், முதல் டிவிஷனில் பன்னிரண்டு டீம். அடுத்த வருஷம் எட்டு போதுமாம். மைதானக் கம்பியில் நோட்டீஸ்: 'மறுசீரமைப்பு'. சீரும் இல்லை, அமைப்பும் இல்லை. மூக்கில் முளைக்கிற மறு மட்டும்தான். நாங்கள் இந்த வருஷம் ஒன்பதாவது. எட்டாத எட்டு.

ஆகஸ்ட் 30, செவ்வாய். தூறல். ஜாமெட்ரி பாக்ஸ் தொலைந்தது.

காசிம் அண்ணன் சரியாகச் சாப்பிடவில்லை. எங்கள் டீம் கேப்டன், என் சொந்த அண்ணன். பகலெல்லாம் தோல் பட்டறையில் பை தைக்கிறான். கம்பெனி டீமில் சேர்ந்தால் கம்பெனியிலேயே வேலை; அதற்கு ஆள் எடுக்கிறவர்கள் முதல் டிவிஷன் மேட்ச் மட்டும்தான் பார்க்க வருவார்கள். போன மாதம் ஒருவர் அவனைக் கூப்பிட்டு, "அடுத்த சீசனில் இன்னொரு தடவை பார்க்கிறேன்" என்றாராம்.

உம்மா: "பந்து போனா போட்டும். சோத்தைத் தின்னுலே."

அண்ணன்: "பந்தா போகுது உம்மா? வேலைல்லா போகுது."

செப்டம்பர் 2, வெள்ளி.

லீக் செயலாளர் சுந்தரம் சாரைப் பார்க்க அண்ணனோடு மாட்டுங்கா போனேன். ஆபீஸ் மனிதர். எதற்கும் முதலில் ஒரு 'அதாவது'.

"அதாவதுப்பா, பன்னிரண்டு டீம்னா மழைக்குள்ள மேட்ச் முடியறதில்லை. ஸ்டாண்டர்டும் இறங்கிப்போயிடுத்து."

"எங்களை இறக்கிவிட்டா ஸ்டாண்டர்டு ஏறிருமா சார்?" என்றான் அண்ணன்.

சார் காபியை ஆற்றினார்.

ஞாயிறு சாயங்காலம் கேப்டன்கள் கூட்டம். எட்டு கை எழுந்தால் நாங்கள் அவுட். ஏழு நிச்சயம் எழும். எட்டாவது, செம்பூர் கேப்டன் செல்வம். அஞ்சாவது இடத்தில் ஜாலியாக இருக்கிறவன், எங்களுக்காகவா அழப்போகிறான்? மெடிக்கல் ஷாப்பில் வேலை. அங்கே போன் உண்டு. (!!!)

செப்டம்பர் 4, ஞாயிறு. கொட்டோ கொட்டு.

வரலாற்றுச் சாதனை! சயான் ஸ்டேஷன் காயின் போன். லேசாக மூக்கைப் பிடித்துக்கொண்டு: "அதாவதுப்பா செல்வம், சயான்ல தண்டவாளம் முழுகிடுத்து. மீட்டிங் கேன்சல்."

"சரி சார்," என்று வைத்துவிட்டான். நான் 'சார்'!

அண்ணனிடம் ஜெயித்த பிறகு சொல்லலாம். முட்டியளவு தண்ணீரில் கிளம்புகிறான். "இன்னைக்கு நீந்தியாவது போயிரணும்லே." எதற்கு இத்தனை பதற்றம்?

அதே நாள், திரும்பி வந்து.

ஏழு கைதான் எழுந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்ற நான் சந்தோஷத்தில் குதித்தேன்.

சுந்தரம் சார்: "அதாவது, செம்பூர் வரலை. வராத டீம் சம்மதம்னு கணக்கு. ஆக எட்டு."

மழைக்குப் பயந்து யாராவது வராவிட்டால் எதுவுமே முடிவாகாது என்று என்றைக்கோ வைத்த வழக்கமாம். கேப்டன்கள் எல்லோருக்கும் தெரியும். கேப்டன் தம்பிக்குத்தான் தெரியாது.

அண்ணன் வழியெல்லாம் குடையை விரிக்கவில்லை.

செப்டம்பர் 6, செவ்வாய். வெயில். இப்போது எதற்கு வெயில்?

செல்வம் பட்டறைக்கே வந்துவிட்டான். நான் டீ வாங்கிக்கொண்டு வந்த நேரம்.

"சத்தியமா உனக்காகக் கையத் தூக்காம இருக்கணும்னுதான் இருந்தேன் காசிம். தாராவிக்காரங்க இல்லாட்டி எங்க மேட்சைப் பாக்க எவன் வருவான்? அந்த சுந்தரம் சார்தான் போன் போட்டு, மீட்டிங் கேன்சல்னு ஏமாத்திட்டாரு."

அண்ணன் ஊசியை வைத்துவிட்டு எழுந்தான். "நாளைக்கு அந்தாளைப் போயி நாலு கேள்வி கேக்கேன்." என் பக்கம் திரும்பி, "நீயும் வாலே. அவரு மாதிரியே பேசுவேல்லா, வழியில பேசிக் காட்டு."

முதல் பக்கத்தில் 'தலைசிறந்த' என்பதை அடித்தாகிவிட்டது. தொண்டை கட்டிக்கொண்டது என்று அண்ணனுக்குச் சைகை காட்டினேன். பொய்தான். ஆனால், போன் போட்டது நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தபோது, நிஜமாகவே குரல் வரவில்லை.