லேமினேட் போட்ட சீட்டு

என்னிடம் அதிகம் திட்டு வாங்கிய அன்பு அக்காவுக்கு,

நீ போய் நாற்பது நாளாகிறது. உன் மேல் கோபம் இன்னும் தீரவில்லை. பட்டாசுக் கம்பெனி வேனை விட்டு இறங்கி, விஸ்வநத்தம் விலக்கில் பட்டப்பகலில் ரோட்டைக் கடந்தாயே, நேரே வந்த லோடு வண்டி எப்படித் தெரியாமல் போகும்?

உன்னோடு லேபிள் ஒட்டும் பாண்டியம்மாள், உன் சாவுக்குத் துட்டி கேட்க வந்தபோது சொன்னாள். "ஒரு வருசமாவே லேபிள்ல நடு எழுத்து தெரியலன்னு உங்கக்கா சொல்லுச்சு டீச்சர். பட்டாசுத் தூசிதான், சீசன் முடிஞ்சா தெளிஞ்சிரும்னு நாங்களும் சொன்னோம்."

என்னிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லையா?

மதுரையில் ஒரு கண் டாக்டரைப் பார்த்தேன். முடக்குவாதத்துக்கு நீ ஏழு வருடமாக விழுங்கியது, மலேரியாவுக்கென்று வந்த மாத்திரையாம். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வருடா வருடம் நான் நடத்தும் பாடம்தான். செல்லுக்குள் லைசோசோம் என்று குட்டிப் பைகள் உண்டு. உள்ளே அமிலம் இருந்தால்தான் நொதிகள் கழிவைச் செரிக்கும். இந்த மாத்திரை அதற்குள் புகுந்து மாட்டிக்கொண்டு அமிலத்தைக் குறைத்துவிடும். நொதி இருந்தும் வேலை நடக்காது. உன் மூட்டுவலி அடங்கியதிலும் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் விழித்திரைக்கு அடியிலுள்ள செல்கள் தினமும் கழிவைத் தீர்க்க வேண்டியவை. அங்கே வருடக்கணக்கில் குப்பை சேர்ந்துதான் சிலருக்கு நடுப்பார்வை போகிறது என்கிறார்கள்.

"சோதிச்சிருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்கும். சீட்டுல எழுதியிருப்பாங்களே?" என்றார் டாக்டர்.

அந்த மருந்துச் சீட்டு கிழியக்கூடாதென்று, மாத்திரைப் பெயர் மட்டும் தெரிய மடித்து, என் வீட்டுக்காரர் அச்சகத்தில் லேமினேட் போட்டவள் நான்தான். மாதாமாதம் அதைக் காட்டினால் போதும். "எதுக்கு டீச்சர் ஆஸ்பத்திரிக்கு அம்புட்டு தூரம் அலையுறீக?" என்று மெடிக்கல் அண்ணாச்சி மாத்திரையை எடுத்து வைப்பார். ஊருக்குத் திரும்பியதும் அவர் கடை வாசலில் நின்று கத்தித் தீர்த்தேன். வீட்டுக்கு வந்து சீட்டைப் பிளேடால் அறுத்துப் பிரித்தேன்.

மடிப்புக்குள், அடிக்கோடு போட்டு எழுதியிருந்தது: வருடம் ஒருமுறை கண் பரிசோதனை.

படிக்காமலேயே மடித்திருக்கிறேன். பாடம் நடத்துகிறவளாம் நான்.

பாண்டியம்மாளுக்கும் முடக்குவாதம், அதே மாத்திரைதான், அக்கா. நிறுத்தச் சொல்லவில்லை, கண்ணைக் காட்டு என்றேன். "சீசன் முடியட்டும் டீச்சர்" என்கிறாள். நாளைக் காலை முதல் பஸ்ஸில் அவளை மதுரைக்குக் கூட்டிப்போகிறேன். வர மாட்டேனென்றால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன். உன்னைத்தான் இழுத்துக்கொண்டு போகவில்லை.

அறுத்த சீட்டைக் கைப்பையில் வைத்திருக்கும்,
உன் தங்கச்சி