சம்பந்தியம்மா கூட்டித் தள்ளிய இலையுதிர்காலம்

என் செல்லச் சண்டைக்காரி மெர்சி அக்காவுக்கு,

நீ போய் ஏழு மாதமாகிறது. அங்கே ஏசி உண்டா? இங்கே வளைகுடாவில், நம் தேராவில், நவம்பர் வந்தும் வேர்க்கிறது.

செய்தி இதுதான். உன் மகள் ஷாரனைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனுக்குப் பக்கத்து நாட்டில், அல் கோபாரில் வேலை. பிள்ளைகள் இரண்டு பேரும் ஏற்கெனவே பேசி முடித்துவிட்டார்கள். தூத்துக்குடியிலிருந்து வந்திறங்கிய அவன் அம்மா தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி.

"ரோஸ் ஆன்ட்டி, மம்மி வருஷா வருஷம் பண்ற ஆட்டம் டேபிள் அன்னைக்கு வேணும். அப்பதான் மம்மி பக்கத்துல இருக்கற மாதிரி இருக்கும்" என்றாள் ஷாரன். ஆட்டம் என்றால் இலையுதிர்காலமாம்; காய்ந்த இலையைச் சாப்பாட்டு மேசையில் பரப்புகிறாய் என்று உன்னை எவ்வளவு கேலி செய்திருப்பேன்! டியூட்டி முடிந்து பூங்காவில் குனிந்து குனிந்து பொறுக்கினேன். சிவந்த வாதாம் இலை, வாகை நெற்று, சவுக்குக் காய், காய்ந்த பேரீச்சங்குலை. சவுக்குக் காயில் ஒரு குருவிகூடச் செய்தேன். ஷாரன் உற்றுப் பார்த்துவிட்டு, "எலி சூப்பர் ஆன்ட்டி" என்றாள்.

அன்றைக்கு அவர்கள் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்கள். பையன் பார்க்கிங் தேடிக்கொண்டிருக்க, அம்மா மட்டும் மேலே வந்தார். ஷாரன் குளியலறையில். அவரை உட்காரவைத்துவிட்டு, கருகும் மீனைக் காப்பாற்ற அடுப்படிக்கு ஓடினேன்.

திரும்பி வந்தால், மேசை ஆபரேஷன் தியேட்டர் மாதிரி மின்னுகிறது! அந்த அம்மா கையில் ஈரத்துணி, கண்ணில் ஈரம்.

"தாயில்லாப் புள்ள, பாவம். எத்தன நாளு கூட்டாமக் கெடந்துச்சோ! ஒரு செத்த எலி வேற. எல்லாத்தையும் கவர்ல கட்டி, வெளிய, கீழ வரைக்கும் போற குப்பைக் குழாய்ல போட்டுட்டேன்."

ஈரத்தலையோடு வந்த ஷாரன் மேசையைப் பார்த்து அழுதே விட்டாள். "அது குப்பை இல்ல ஆன்ட்டி. மம்மி மாதிரி பண்ணி வச்சிருந்தோம்."

சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன். அந்த அம்மாவோ பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகினார். "எந்த மரம்? காட்டு."

பூங்காவில் ஒரு சருகு இல்லை. தோட்டக்காரர், அரியலூர்க்காரர், அப்போதுதான் கூட்டி மூட்டை கட்டியிருந்தார்.

"அக்கா, கொட்டிடாதீங்க. ஃபோர்மேன் பாத்தா நான் கலாஸ், வேலை போயிடும்!"

"கொட்ட மாட்டேன்யா. மூட்டையோட தா."

அப்போதுதான் பார்க்கிங் கிடைத்து வந்த மாப்பிள்ளை, இஸ்திரி கலையாத சட்டையில் மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறியதை நீ பார்த்திருக்க வேண்டும்.

இந்த முறை மேசையை அலங்கரித்தது அந்த அம்மாதான். ஒவ்வோர் இலைக்கும் ஷாரனிடம் கேட்டார்: "உங்கம்மா இத எங்கன வைப்பா?" ஷாரன் காட்டக் காட்ட வைத்தார். அடுப்படிக்குப் போய் நான் வெங்காயம் நறுக்கினேன். தேவையே இல்லாத வெங்காயம்.

தட்டு வைக்கப் போனேன். "ஒரு எலைய அசைக்கக் கூடாது!" என்று ஓர் அதட்டல். ஆக, மேசை மகாராணியாக நிற்க, எல்லோரும் கார்ப்பெட்டில் சம்மணம் போட்டு மீன் குழம்பு சாப்பிட்டோம். கிளம்பும்போது அவர் ஷாரன் கன்னத்தைத் தடவிச் சொன்னார்: "கல்யாணம் முடியுத வரைக்கும் இத யாரும் கூட்டக் கூடாது, என்ன?"

தலையாட்டிவிட்டார், அக்கா.

கல்யாணத்தன்று உன் இடத்தில் நான் நிற்பேன். அழுவேன்தான். ஆனால் முந்தானையில் மூக்குத் துடைக்க மாட்டேன், சத்தியம். கட்டப்போவது உன் மயில்கழுத்துப் பட்டு.

அதை இரவல் வாங்கித் திருப்பித் தராத உன் தங்கச்சி,
ரோஸ்லின்