குடுவையில் மிஞ்சிய சோப்பு

என் அருமை விஞ்ஞானி மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். மூன்று வாரமாக நீ போனை எடுக்காததால், நீயும் நலமாகத்தான் இருப்பாய் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, மாடிப்படி இறங்கும்போது மட்டும் ஊரைக் கூட்டுகிறார்.

நீ அழுததையும் அதற்கான காரணத்தையும் உன் தம்பி சொல்லிவிட்டான். அவனைத் திட்டாதே, நான்தான் குடைந்து குடைந்து கேட்டேன். கண்ணுக்கே தெரியாத துகள்கள் யாரும் தொடாமல் தாங்களாகவே வரிசையில் போய் நின்றுகொள்கின்றன என்று நீ எழுதிய கட்டுரையை எதிர்வீட்டு வக்கீல் வரைக்கும் காட்டித் தொல்லை கொடுத்தவள் நான். இப்போது பார்த்தால், ஆய்வகத்துக்குப் புதிதாக வந்தவர் குடுவையை ஒழுங்காகக் கழுவினாராம், அன்றிலிருந்து ஒன்றுகூட வரிசையில் நிற்கவில்லையாம். அத்தனை நாளும் அவற்றை நிற்க வைத்தது நீ சரியாக அலசாமல் விட்ட சோப்பாம்! இன்னொரு தண்ணீர் விட்டு அலசுடி என்று இந்தச் சமையலறையில் எத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தியிருப்பேன். என் பேச்சைக் கேட்காததற்கு உனக்கு டாக்டர் பட்டமே கொடுத்துவிட்டார்கள்.

இப்ப எதுக்கு இதைக் கிளறணும், உனக்குப் பதவி உயர்வு வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம் என்றாராம் உன் மேலதிகாரி. கட்டுரையில் அவர் பெயரும் இருக்கிறதே, அக்கறை இருக்காதா. நீயும் தலையாட்டினாயாம். தப்பு யாருக்கும் வரும், அடுப்பில் பாலை வைத்துவிட்டு சீரியல் பார்க்கிற நான் உன்னைச் சொல்லக் கூடாது. ஆனால் வேறு எங்கோ ஒரு மாணவி, ஒரு வருஷமாக அதே சோதனையைச் செய்தும் துகள்கள் வரிசையில் நிற்கவில்லை, நான் என்ன தப்பு செய்கிறேன் என்று உனக்கு எழுதினாளாமே? சோப்பு விஷயம் தெரிந்த பிறகும், சூட்டைக் கொஞ்சம் கூட்டிப் பார் என்று பதில் போட்டாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் தினமும் குடுவையைப் பளபளவென்று கழுவிக்கொண்டிருப்பாள், பாவம், அவளை ஒழுங்காக வளர்த்திருக்கிறார்கள்.

பதவி உயர்வு போனால் போகட்டும். வேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள், எங்கள் ஆசி என்றும் உண்டு. கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகப் பத்திரிகைக்கு நாளைக்குக்கூட எழுது. அந்தப் பெண்ணுக்கு மட்டும் இன்றைக்கே எழுதிவிடு. எனக்கு இந்த வேலையெல்லாம் வராதும்மா, விட்டுட்டு வந்துடறேன் என்று அவள் தன் அம்மாவுக்குப் போன் செய்வதற்குள் எழுது.

திட்டினாலும் உன்
அம்மா