இயந்திரம் நின்ற மத்தியானம்

மே 14, செவ்வாய்

அலாஸ்காவின் ஜூனோவில் மழை. மலை பாதி மேகத்துக்குள். என் ஆர்னெல் வேலை பார்க்கும் கப்பல் வந்து, போயும்விட்டது. நின்றிருந்த நேரமெல்லாம் அதன் ஜெனரேட்டர்கள் உறும, எங்கள் மகள் மாயுமி அந்த உறுமலிலேயே தூங்கினாள். ஐந்து மாதக் குழந்தை. அப்பாவைத் தெரியாது, அப்பா காவல் நிற்கும் இயந்திரத்தைத் தெரியும். கப்பல் கரையில் நிற்கிற நேரம்தான் எப்போதும் அவன் முறை. மேல்தளத்திலிருந்து ஒரு முறை கையாட்டினான்.

அடுத்த வாரம் நான் வேலை செய்யும் துறைமுகத்திலிருந்தே கப்பலுக்கு மின்சாரம். இயந்திரத்தை நிறுத்திவிடலாம். அவனும் இறங்கலாம். கேபிளைத் தூக்கும் கிரேனில் நான்தான்.

மே 17

ஆர்னெல் போனில். "கை கழுவிட்டுத்தான் தூக்கணும்," என்றேன். "எம் பொண்ணுக்கு டீசல் வாசனை புடிக்கும், பாரேன்!" என்றான்.

மே 21, செவ்வாய்

என்னால்தான். எல்லாம் என்னால்தான்.

கேபிள் மாட்டியாயிற்று. இயந்திரம் நின்றது. ஊர் அப்படி அமைதியாகி நான் கேட்டதில்லை, மலையருவி கூடக் கேட்டது. தலையைப் படிய வாரிக்கொண்டு ஆர்னெல் இறங்குபடிக்கு வந்தான். நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடல் வற்றிக்கொண்டிருந்தது. நீர் இறங்கினால் கப்பலும் இறங்கும். கேபிளைத் தளர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். அது ஒன்றுதான் என் வேலை! கேபிள் விறைத்தது, பாதுகாப்புக்காக மின்சாரம் தானாகவே நின்றுபோனது, கப்பல் முழுக்க இருட்டு. ஆர்னெல் பையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினான்.

"கண்ணு எங்கம்மா போச்சு?" என்று மேஸ்திரி ஹார்லன் கத்தினார். படியில் கிடந்த பையைப் பார்த்ததும் அடங்கிவிட்டார்.

மே 22

இன்னொரு தடவை இருட்டானால் இந்தக் கோடை முழுக்கச் சொந்த இயந்திரம்தான் என்று கப்பல்காரர்கள் சொல்லிவிட்டார்களாம். அப்புறம் அவன் எங்கே இறங்குவது?

"வர்ற வாரமும் நீதான்," என்றார் ஹார்லன்.

"பயமா இருக்கு."

"இருக்கட்டும். பயம் இருந்தாத்தான் கேபிளப் பாப்ப."

மே 25

கனவில் கப்பலை எங்கள் சமையலறைச் சன்னலில் கட்டியிருந்தேன். கடல் ஏற ஏற வீடும் ஏறியது. யாரும் ஆச்சரியப்படவில்லை. அடுப்பில் சால்மன் புளிச்சாறு கொதித்துக்கொண்டிருந்தது.

மே 28, செவ்வாய்

கேபிள். தண்ணீர். கேபிள். வேறெதையும் பார்க்கவில்லை.

இயந்திரம் நின்றது. படியில் காலடி. "லிவாய்..." என்று என்னைக் கூப்பிட்டான் ஆர்னெல்.

"இப்ப பேசாதே. வேலிகிட்ட பக்கத்து வீட்டு கோரா அக்கா பாப்பாவோட நிக்கிறாங்க, போ."

பின்னால் மாயுமி அழ ஆரம்பித்தாள். பழகிய உறுமல் இல்லையே, பாவம். கோரா அக்கா என்னென்னவோ பாடிப் பார்த்தார். பிறகு ஆர்னெலின் குரல் — தாழ்ந்து, ஒரே சீராக, அந்த ஜெனரேட்டர் மாதிரியே உறுமினான். அழுகை விக்கலாகி, நின்றது.

மகளை அவன் முதல் தடவை தூக்கியதை நான் பார்க்கவில்லை. வயிறெரிகிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது. தண்ணீர் இன்னும் இறங்கியது. இன்னும் கொஞ்சம் தளர்த்தினேன்.

ஜூன் 4, செவ்வாய்

ஹார்லன் வந்து கிரேன் விசையை வாங்கிக்கொண்டார். "நான் பாத்துக்கறேன். நீ திரும்பும்மா."

திரும்பினேன். வேலியோரப் பெஞ்சில் அப்பாவும் மகளும் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்கள். எழுப்பவில்லை.